சவிரியண்ணையின் நீலக்கரைச் சட்டி

சவிரியண்ணை போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் வேலை செய்யும் வீட்டில் மேசைவிரிப்புக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரச் சினோரா தொலைபேசியை நீட்டி, "உன் ஆட்கள்" என்று முகத்தைச் சுளித்தார். மறுமுனையில் ராசன். ஒரு விஷயத்தைச் சொல்லவந்தால் ஊரெல்லாம் சுற்றிவிட்டு வருபவன் அவன். அன்றைக்குச் சுற்றவில்லை.

"அண்ணை, சவிரியண்ணை காலமை படி கழுவிக்கொண்டிருக்கேக்கை விழுந்திட்டார். ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோக முந்தியே முடிஞ்சுது."

இந்த இடத்தில் கண்கள் கலங்கின, நெஞ்சு விம்மியது என்றெல்லாம் எழுதுவதுதான் வழக்கம். எனக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லை. முதலில் என் ஞாபகத்துக்கு வந்தது எங்கள் வீட்டு அலுமாரிக்கு மேலே தூசி படிந்து கிடக்கும் ஒரு எனாமல் சட்டி. "ஐயோ, அந்தச் சட்டி" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். ராசன் "என்ன அண்ணை?" என்றான். ஒன்றுமில்லை என்றேன். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டிய எல்லாவற்றுக்கும் இவ்வளவு நாளாக நான் சொல்லிவந்த பதில் அதுதான்.

முப்பத்தோராம் நாள் திருப்பலிக்கு ஒரு சிறு நினைவுப் புத்தகம் அடிக்க வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். வழக்கமாக அதைப் பிள்ளைகள் அடிப்பார்கள். மன்னாரிலிருந்து வந்த இந்த மனிதருக்குப் பிள்ளையும் இல்லை, குடும்பமும் இல்லை. அவர் மேசையில் சாப்பிட்டவர்கள் நாங்கள்தான் இருக்கிறோம். இத்தாலியின் இந்தப் பலேர்மோவில் எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பவன் என்பதால் என் தலையில் கட்டினார்கள். இரண்டு தரம் மாட்டேன் என்றேன். வேலை என்றேன். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றேன். மூன்றாம் தரம் பிலோமினா அக்கா, "உன்னிலை அவர் எவ்வளவு பட்சமா இருந்தவர், நீயே இப்பிடிச் சொன்னா?" என்று கேட்டா.  ஆகவே எழுதுகிறேன். ஆனால் அவரைப் புகழ்ந்து மட்டும் எழுத என்னால் முடியாது. அதற்கு எனக்குத் தகுதியில்லை என்பது இதை வாசித்து முடிக்கும்போது உங்களுக்கே விளங்கும்.

நான் இந்த ஊருக்கு வந்து இரண்டு மாதமான காலம். ஒரு வீட்டில் தங்கி வேலை. வீட்டு வேலைக்காரருக்கு இங்கே வியாழக்கிழமை பின்னேரமும் ஞாயிற்றுக்கிழமையும்தான் லீவு என்பது உங்களுக்குத் தெரியும். வியாழன் இரண்டு மணி அடித்தால் சினோரா சிரித்த முகத்தோடு கதவைத் திறந்துவிடுவார். எங்கே போவது? குடும்பமாக இருப்பவர்களுக்குப் போக வீடு இருந்தது. எனக்கு மனைவி ஊரில், யுத்தத்துக்குள். கொட்டும் மழையில் ஸ்தாசியோனே சென்ட்ராலே என்கிற பெரிய ரயில் நிலையத்துக்குப் போய், ரயில் நேர அட்டவணைக்குக் கீழே உள்ள வாங்கில் உட்கார்ந்து, போகப்போவதில்லாத ஊர்களின் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தேன்.

தொப்பி போட்ட, கட்டையான ஒருவர் வந்து பக்கத்தில் இருந்தார்.

"தம்பி, எந்த ரயிலுக்கு?"

"ஒண்டுக்குமில்லை."

"அப்ப நீ மூண்டாவது வகை."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சிரிக்காமல், கணக்குச் சொல்லிக் கொடுக்கும் வாத்தியாரைப் போல விரல்களை மடக்கினார். "தனிய இருக்கிறவன் வியாழக்கிழமையை எப்பிடிக் கழிக்கிறான் எண்டு என்னட்டைக் கேள். முதலாவது வகை, துறைமுகத்திலை போய் நிண்டு நாப்போலிக்குப் போற கப்பல் வெளிக்கிடுமட்டும் பாத்துக்கொண்டிருக்கும், தன்ரை ஆரோ அதிலை போற மாதிரி. இரண்டாவது, டெலிபோன் பெட்டிக்குப் பக்கத்திலை வரிசையிலை நிக்கும், எடுக்கிறதுக்கு நம்பர் இல்லாமல். மூண்டாவது, நீ. நாலாவது, கோயில் வாங்கிலை நித்திரை கொள்ளும். அதிலை எங்கடை வேதக்காரரை விட உங்கடை சைவக்காரர்தான் கூட."

"அப்ப நீங்கள் எந்த வகை?"

"நான் ஐஞ்சாவது. மற்ற நாலையும் எண்ணிக்கொண்டு திரியிற வகை."

அன்றைக்குத்தான் இரண்டு மாதத்தில் முதல் முறையாகச் சிரித்தேன். அதை நான் மறந்துபோனதும் பிறகு நடந்ததுதான்.

அன்று நவம்பர் மாதக் கடைசியில் வரும் ஒரு வியாழக்கிழமை. சவிரியண்ணை வேலை செய்த வீட்டுச் சினோரா அமெரிக்கக்காரி. பலேர்மோக்காரர் ஒருவரைக் கலியாணம் முடித்து வந்து, அவரும் இறந்து, பிள்ளைகளும் கடல் கடந்து போய், பெரிய வீட்டில் தனியாக இருந்த கிழவி. அவர்களுடைய நாட்டில் அந்த வியாழக்கிழமை பெரிய பெருநாளாம். தாங்ஸ்கிவிங். "உங்கடை பொங்கல் மாதிரி" என்றார் சவிரியண்ணை. "உங்கடை பொங்கல் சூரியனுக்கு. இது ஆருக்கெண்டு கேட்டா கிழவி கடவுளுக்கெண்டும் சொல்லுது, வான்கோழிக்கெண்டும் சொல்லுது." முன்பெல்லாம் சினோராவின் சொந்த நாட்டுக்காரர் பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்களாம். ஒவ்வொருவராகக் குறைந்து, ஒரு வருடம் மேசையில் சினோராவும் வான்கோழியும் மட்டும் மிஞ்சியபோது, "இவ்வளவு பெரிய பறவையை நான் ஒருத்தி என்ன செய்வது? உன் ஆட்களில் தனியே இருப்பவர்களைக் கூட்டிக்கொண்டு வா" என்று இவரிடம் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து அந்த நாளில் சவிரியண்ணை மத்தியானமே ஸ்தாசியோனேக்கு வந்து ஆள் பிடிப்பார்.

"இண்டைக்கு எங்கடை கிழவி வீட்டிலை விருந்து. எழும்பு, போவம்."

"எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே" என்றேன். நாங்கள் யாழ்ப்பாணத்தார். விருந்துக்குப் போவதென்றால் முறைப்படி வீட்டுக்கு வந்து சொல்ல வேண்டும்.

"இப்ப சொல்லுறன்தானே."

"தெரியாத வீட்டுக்கு எப்பிடி அண்ணை?"

"தெரிஞ்ச வீடு உனக்கு இந்த ஊரிலை எத்தினை இருக்கு?"

போனேன். அந்த வான்கோழியை என் வாழ்நாளில் மறக்க மாட்டேன். முழு வான்கோழி இங்கே கடையில் கிடைக்காது, துண்டு துண்டாகத்தான் விற்பார்கள். இவர் மூன்று கிழமைக்கு முன்பே இறைச்சிக் கடைக்காரனிடம் சொல்லிவைத்துவிடுவார். அந்தப் பறவையை நடுவே கோடு போட்ட மாதிரி இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கத்துக்கு வெண்ணெயும் சினோராவின் இலைதழைகளும், மறுபக்கத்துக்கு எங்கள் கறித்தூளும் புளியும் பூசி, ஒரே தட்டில் ஒரே அடுப்பில் வேகவைத்திருந்தார். பாதி வெள்ளை, பாதி சிவப்பு. பூசணிக்காயில் சினோராவுக்கு ஒரு இனிப்பு, எங்களுக்குத் தேங்காய்ப்பால் விட்ட கறி. நாங்கள் எட்டுப் பேர். எல்லோரும் தனி ஆட்கள். பிலோமினா அக்கா அன்றைக்கும் இருந்தா. ராசன், மீசை முளைத்தும் முளைக்காததுமாக, என்னை விட மோசமாக முழித்துக்கொண்டிருந்தான்.

சாப்பிடத் தொடங்கும்முன் சினோரா ஏதோ சொன்னார். சவிரியண்ணை மொழிபெயர்த்தார். "இந்த வருசம் எதுக்கு நன்றி சொல்லுறியள் எண்டு ஒவ்வொருத்தரும் சொல்லட்டாம்."

எங்களுக்குள் நன்றி சொல்லி யாருக்குப் பழக்கம்? எல்லோரும் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் பிலோமினா அக்கா, "இண்டைக்கு நான் சமைக்கேல்லை. அதுக்கு" என்றா. எல்லோரும் சிரித்தோம். ராசன், அம்மாவிடமிருந்து கடிதம் வந்தது என்று சொல்லிவிட்டு அழத் தொடங்கினான். என் முறை வந்தபோது, "அண்ணைக்கு" என்று தொடங்கினேன். அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"எனக்கு வாயாலை சொல்லாதை. ஏனம் திரும்பி வரேக்கை பாப்பம்."

வெளிக்கிடும்போதுதான் விஷயம் புரிந்தது. வாசலில் எட்டுச் சட்டிகள் வரிசையாக இருந்தன. வெள்ளை எனாமல், நீலக்கரை, மூடியோடு. எல்லாம் ஒரே நாளில் சந்தையில் வாங்கியவை. அடியில் சினோராவின் சிவப்பு நகப்பூச்சால் ‘ச’ என்று எழுதியிருந்தார். மிச்சச் சாப்பாட்டை அவற்றில் போட்டு ஆளுக்கொன்று தந்தார். சாப்பாடு வந்த ஏனத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது எங்களில் எவருடைய வீட்டிலும் கிடையாது. கைப்பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்போம். அந்த வழக்கத்தை வைத்துத்தான் மனிதர் எங்களை மடக்கினார்.

"தனிய இருக்கிறவன் தனக்கெண்டு சமைக்க மாட்டான்" என்று அவர் அடிக்கடி சொல்வார். "ஏனம் திருப்பிக் குடுக்கிறதுக்கெண்டாச் சமைப்பான். சமைச்சாக் கொண்டு வருவான். வந்தா ரெண்டு சொல் கதைப்பான். அவ்வளவு காணும்."

அவர் சொன்னபடியே நடந்தது. இரண்டு மாதமாக நான் ஒரு முட்டைகூடப் பொரித்ததில்லை. அந்தச் சட்டி என் கட்டிலுக்குக் கீழே இருந்து என்னைத் தொந்தரவு செய்தது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெட்கத்தை விட்டு என் சினோராவிடம் அடுப்பைக் கேட்டு, ரவையில் கேசரி கிண்டினேன். அடிப்பிடித்துவிட்டது. அதைக் கொண்டுபோய் நின்றேன். ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டு, கொஞ்ச நேரம் யோசித்து, "தொண்டைக்குள்ளாலை இறங்குது. முதல் தரத்துக்குக் காணும்" என்றார். முழுவதையும் சாப்பிட்டார். பிறகு இரண்டு மணித்தியாலம் கதைத்துக்கொண்டிருந்தோம். என் மனைவி வதனியைப் பற்றி இந்த ஊரில் நான் முதலில் கதைத்தது அவரோடுதான்.

அவர் ஏன் கலியாணம் முடிக்கவில்லை என்று நாங்கள் கேட்காத நாளில்லை. ஆளுக்கொரு பதில் வைத்திருந்தார். எனக்கு, "பொம்பிளை வேண்டாமெண்டிட்டுது." ராசனுக்கு, "நான் வேண்டாமெண்டிட்டன்." பிலோமினா அக்காவுக்கு, "உங்களைக் காண முந்தி வயசு போட்டுது." அக்கா துடைக்கும் துணியால் முதுகில் ஒன்று போடுவா. உண்மையான பதில் எது என்று நாங்கள் யாரும் இருந்து கேட்டதில்லை. கேட்கலாம் என்று இருந்தோம்.

மூன்று நவம்பர்கள் அந்த மேசையில் சாப்பிட்டேன். மூன்றாம் வருடம் வதனிக்கு விசா சரிவந்துவிட்டது. சந்தோஷத்தில், எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, "மனுசி வந்தா அவ சமைக்கிற முதல் சாப்பாடு சவிரியண்ணைக்குத்தான்" என்று அறிவித்தேன்.

"எழுதித் தா" என்றார் அவர். "நீதானே பெட்டிசம் எழுதுறனீ."

எல்லோரும் கைதட்டினீர்கள். உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

வதனி வந்தாள். முதலில், வீடு சரியாகக் கிடைக்கட்டும் என்று இருந்தேன். வீடு கிடைத்தது. ஒரு நல்ல மேசை வாங்கட்டும் என்று இருந்தேன். மேசையும் வந்தது. பிறகு அவள் வயிற்றில் பிள்ளை, கறி மணமே ஆகாது. பிறகு பிள்ளை. காரணங்களுக்கு எனக்கு என்றைக்குமே பஞ்சமில்லை. நடுவில் அமெரிக்கக்காரச் சினோரா இறந்துபோனார். வீட்டைப் பூட்டிவிட்டார்கள். சவிரியண்ணை நகரத்து ஓரத்தில் உள்ள பிரான்காச்சோவில், ஒரு வாகனத் திருத்தகத்துக்குப் பின்னால் ஒற்றை அறை எடுத்து, மாடிவீடுகளின் படிக்கட்டுக் கழுவும் வேலைக்குப் போனார். பெரிய அடுப்பு இல்லை, பெரிய மேசை இல்லை. ஆனாலும் நவம்பரில் அந்த வியாழக்கிழமை ஸ்தாசியோனேக்கு வருவதை அவர் விடவில்லை என்று கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டேன், அவ்வளவுதான். குடும்பக்காரனாகிவிட்ட எனக்கு அந்த வாங்குப் பக்கம் என்ன வேலை?

இனிச் சொல்லப்போவதை நான் வதனிக்குக்கூடச் சொல்லாமல் வைத்திருந்தேன்.

மகளுக்கு ஒரு வயது வந்தது. பிறந்தநாளைப் பெரிதாகச் செய்தோம். எல்லோருக்கும் வசதி என்று வியாழக்கிழமை பின்னேரம் வைத்தோம். வதனியும் நானும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்ச் சொன்னோம். பட்டியலில் சவிரியண்ணையின் பெயரும் இருந்தது. பிரான்காச்சோவுக்குப் போக வேண்டிய நாளில் மழை. "தனி ஆள்தானே, அந்தளவு தூரம் பிள்ளையையும் கொண்டு போக வேண்டாம். ஸ்தாசியோனேயிலை கண்டாச் சொல்லலாம்" என்றேன். கேளுங்கள், அந்தச் சொல்லை. தனி ஆள்தானே. ஒரு குடும்பமாக இருந்திருந்தால் குடை பிடித்துக்கொண்டு போயிருப்பேன். தனி ஆளுக்குத் தெரு போதும் என்று நினைத்தேன்.

தெருவிலும் காணவில்லை. பிறந்தநாளுக்கு முதல் நாள்தான் ஞாபகம் வந்தது. முதல் நாள் போய்ச் சொன்னால் மரியாதைக் குறைவு, கடைசியாக ஞாபகம் வந்தவன் என்று நினைப்பார், அதை விடச் சொல்லாமல் விடுவதே மேல் என்று ஒரு முடிவுக்கு வந்தேன். எங்கள் ஆட்களின் மூளைக்குத்தான் இப்படி ஒரு முடிவு வரும். மரியாதை காப்பாற்றுகிறேன் என்று ஒரு மனிதரையே விட்டுவிட்டேன்.

அது நவம்பரில் வரும் அந்த வியாழக்கிழமை என்று நான் கணக்குப் பார்க்கவில்லை. ராசன் பரிசுப் பெட்டியோடு வந்து, "சவிரியண்ணையும் வாறார் அண்ணை, ஸ்தாசியோனேயிலை கண்டனான்" என்றபோதுதான் நாளை விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். அவர் மத்தியானத்திலிருந்து அந்த வாங்கடியில் நின்றிருக்கிறார். ஒருவரும் வரவில்லை. வழக்கமாக வருகிற அத்தனை பேரும் என் வீட்டில். "எங்கை எல்லாரும்?" என்று ராசனிடம் கேட்டிருக்கிறார். அவன், சொல்லியிருப்பார்கள்தானே என்ற நினைப்பில், "அங்கைதானே அண்ணை, பிறந்தநாளுக்கு. நீங்கள் வரேல்லையோ?" என்றிருக்கிறான். "ஓம் ஓம், வாறன். நீ முன்னாலை போ" என்றாராம்.

நான் பால்கனிக்குப் போவதும் வருவதுமாக இருந்தேன். ஒரு மணித்தியாலம் கழித்துப் பஸ்ஸிலிருந்து இறங்கினார். அறைக்குப் போய்ச் சூடாக்கி எடுத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். கையில் துவாயால் சுற்றிய ஏதோ ஒன்று. சூடு தாங்காமல் கை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்தார். அப்போது நான் ஓடிப்போய், கீழ் வாசலில் கையைப் பிடித்து, "அண்ணை, பிழை விட்டிட்டன், மேலை வாங்கோ" என்று சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அவர் இரண்டு கிண்டல் பண்ணியிருப்பார். நான் போகவில்லை. மணி அடிக்கட்டும், அடித்தால் ஒன்றும் நடக்காத மாதிரிக் கதவைத் திறப்போம் என்று காத்திருந்தேன்.

மணி அடிக்கவில்லை. வருபவர்களுக்காகக் கீழ்க் கதவு திறந்தே கிடந்தது, அவர் மேலே ஏறி வந்திருக்கிறார். எங்கள் கதவுக்கு வெளியே படிகள் வரைக்கும் செருப்புகளும் சப்பாத்துகளும் குவிந்து கிடந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டு அவர் எவ்வளவு நேரம் நின்றார் என்று எனக்குத் தெரியாது. முன்பின் தெரியாத என்னை வாங்கிலிருந்து எழுப்பிக் கூட்டிப்போன மனிதர், சொல்லாத என் வீட்டுக்குள் நுழையவில்லை. கொண்டுவந்ததைத் திருப்பிக் கொண்டுபோகவும் இல்லை. வெறுங்கையோடு கீழே வந்தார். தெருவின் நடுவில் நின்று மேலே பார்த்தார்.

நான் பால்கனிக் கதவின் மரப்பலகைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

என்னைக் கண்டாரா? கண்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். பலகையின் இடுக்கால் பார்த்தபோது கையைத் தலைவரைக்கும் தூக்கினார். எனக்குக் கை காட்டினாரா, தொப்பியைச் சரிசெய்தாரா, தெரியாது. பிறகு பஸ் வந்தது.

சப்பாத்துகளுக்கு நடுவே இருந்த சட்டியைப் பிலோமினா அக்காதான் கண்டெடுத்தா. "ஆரப்பா சாப்பாட்டைக் கொண்டுவந்து செருப்புகளுக்குள்ளை வைச்சது?" எல்லோரும் சிரித்தோம். மூடியைத் திறந்தால் வான்கோழிக் கறி. மணத்திலேயே உங்களுக்குத் தெரிந்துவிட்டது. "சவிரியண்ணையின்ரை தூளெல்லோ! ஆள் எங்கை?" என்று கேட்டீர்கள். "அவசர வேலையாம், வைச்சிட்டுப் போட்டார்" என்றேன். அது பொய். நீங்கள் எல்லோரும் நம்பினீர்கள். பங்கு போட்டுச் சாப்பிட்டோம். நானும் சாப்பிட்டேன். நல்ல ருசி.

அதன் பிறகு அந்தச் சட்டி என் வீட்டில் இரண்டு வருடம் இருந்தது. அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமானால் நிரப்பிக் கொண்டுபோக வேண்டும். நிரப்பிக் கொண்டுபோனால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். வதனி, "ஆற்றை சட்டி இது?" என்று எத்தனையோ தரம் கேட்டாள். "கிடக்கட்டும்" என்று சொல்லி அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டேன்.

நடுவில் ஒரே ஒரு தரம் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரில், பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கும் வரிசையில் அவரைக் கண்டேன். ஒளிய இடமில்லை. எனக்கு முன்னால் மூன்று பேர் தள்ளி நின்றார். தன் இடத்தை விட்டுவிட்டுப் பின்னால் வந்து என்னோடு நின்றார்.

"மகள் நடக்கிறாளோ?"

"ஓடுறாள் அண்ணை."

"நல்லது, நல்லது."

"அண்ணை, ஒரு நாளைக்கு வாறன்."

"வா. ஆறுதலா வா."

சட்டியைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. ஏசியிருக்கலாம். ஏசியிருந்தால் அன்றைக்கே காலில் விழுந்திருப்பேன். அவர் என் தாள்களை வாங்கி, ஒரு கையெழுத்து விடுபட்டிருப்பதைக் காட்டித் தந்துவிட்டுப் போனார்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் அவருடைய அறையை ஒழுங்குபடுத்தப் போனோம். பிலோமினா அக்கா, ராசன், நான். ஒரு கட்டில், இரண்டு சட்டை, ஒரு மாதா படம், சுவர்த் தட்டில் நீலக்கரைச் சட்டிகள். அக்கா எண்ணினா.

"ஏழுதான் இருக்கு. எட்டெல்லோ? ஒண்டை ஆரோ அமத்திப் போட்டினம்."

ராசன் சிரித்தான். நானும் சிரித்தேன். பிறகு ராசன் சொன்னான், "நானும் ஒருக்கா அண்ணையைக் கேட்டனான். ஒண்டு வெளியிலை நிக்குது எண்டார். ஆரிட்டை எண்டு கேட்டன். வரும், வாற ஆள்தான் எண்டார். பேர் சொல்லேல்லை."

இரண்டு வருடமாக அவர் என் பெயரைச் சொல்லவில்லை. வாற ஆள்தான் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.  கூட்டுமாற்றை எடுத்து, ஏற்கெனவே கூட்டிய நிலத்தைத் திரும்பவும் கூட்டினேன்.

வீட்டுக்கு வந்து வதனியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அலுமாரிக்கு மேலே இருந்த சட்டியை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, "என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா அடுத்த நாளே இடியப்பம் அவிச்சு நானே கொண்டு போயிருப்பன். எனக்கென்ன வெக்கம்?" என்றாள். உண்மைதான். அவ்வளவு சுலபமான காரியம் அது. ஒரு சட்டி இடியப்பம்.

அதற்கடுத்த வியாழக்கிழமை அவள் இடியப்பமும் சொதியும் செய்து தந்தாள். அலுமாரிக்கு மேலிருந்த சட்டியை இறக்கிக் கழுவினேன். அடியில் ‘ச’ பாதி உரிந்திருந்தது. நிரப்பிக்கொண்டு ஸ்தாசியோனேக்குப் போனேன். அட்டவணைக்குக் கீழே எங்கள் ஆள் ஒருவன், முப்பது வயது இருக்கும், நனைந்த சப்பாத்தோடு மேலே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் இருந்தேன்.

"தம்பி, எந்த ரயிலுக்கு?"

சந்தேகத்தோடு பார்த்தான். "ஒண்டுக்குமில்லை."

சட்டியை நீட்டினேன். விலாசத்தையும் எழுதிக் கொடுத்தேன். "சாப்பிட்டிட்டு ஏனத்தைக் கொண்டு வாரும். வெறுமையாக் கொண்டு வரக் கூடாது" என்றேன்.

"நீங்கள் ஆர்?" என்று கேட்டான்.

சவிரியண்ணையின் ஆள் என்று சொல்ல வாய் எடுத்தேன். அந்தப் பெயரைச் சொல்லிக்கொள்ள எனக்கு என்ன உரிமை என்று கூச்சமாக இருந்தது. என் பெயரை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு மூன்று வியாழக்கிழமைகள் போய்விட்டன. அவன் வரவில்லை. கீழே மணி அடித்தால் வதனிக்கு முன்னால் நான் ஓடுகிறேன். பால்கனியில் நின்று பஸ்ஸிலிருந்து இறங்குபவர்களின் கைகளைப் பார்க்கிறேன். போய்ச் சேர்ந்தவர்களிடமிருந்து ஆளுக்கொன்று எடுத்து வைத்துக்கொள்வோமே, அப்படி அவருடையது என்று என்னிடம் மிஞ்சியிருப்பது இந்தக் காத்திருப்பு ஒன்றுதான். மூன்று கிழமைக்கே எனக்குத் தாங்கவில்லை. சவிரியண்ணை எனக்காக இரண்டு வருடம் காத்திருந்தார்.